டிஸ்டில்டு வாட்டர் யார் ஊற்றுவது?

நான் சிறுவனாக இருந்தபோது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்ட லயத்துக்குச் சாயங்காலம் ஆறரைக்கு கரண்ட் வரும், பத்து மணிக்குப் போய்விடும். ஜெனரேட்டரை நிறுத்துவதற்கு முன் ஒரு தடவை விளக்கை அணைத்து ஏற்றுவார்கள். அதைப் பார்த்ததும் அம்மா பாதிப் பின்னிய கூடையை ஓரம் வைத்துவிட்டு மண்ணெண்ணெய் விளக்கைத் தேடுவார். பின்னாளில் செம்பனை ஆலையில் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜ்மேனாக 26 வருடம் இருந்தேன். இருட்டில் உட்கார்ந்து கைவேலை செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் அம்மா ஞாபகம்தான்.

எங்கள் டவுனிலிருந்து மர லாரி போகும் மண் சாலையில், ஃபோர்வீலில் இரண்டு மணி நேரம் போனால் தெமியார் பழங்குடியினரின் கம்பம் (கிராமம்) ஒன்று இருக்கிறது. பெண்கள் மெங்குவாங் என்கிற தாழை இலையில் பாய் பின்னுகிறார்கள். பகலெல்லாம் மரவள்ளித் தோட்டம். பாய்க்கு இராத்திரிதான் நேரம். அதோடு, அங்குள்ள ஒரு மாக்சிக் (பெரிய பெண்களை மலாயில் அத்தை என்பதுபோல் கூப்பிடுவது) சொன்னார்: "வெயிலில் இலை முறியும். இராத்திரி ஈரத்தில் சொன்னபடி வளையும்."

நான்கு வருடத்துக்கு முன் யாரோ வந்து சோலார் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ரிப்பன் வெட்டிப் படமும் எடுத்தார்கள். இரண்டாம் வருடமே விளக்கு நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது பேனலில் குறையே இல்லை, பாசியைத் துடைத்ததும் வோல்ட் சரியாக வந்தது. பேட்டரி மூடியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர் வற்றி, ஈயத் தகடு பாதிக்கு மேல் வெளியே தெரிந்தது, வெள்ளை பூத்திருந்தது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்று அவர்களிடம் யாருமே சொல்லவில்லை. பேனல் 25 வருடம் நிற்கும். ஈய பேட்டரியை நன்றாகப் பார்த்துக்கொண்டாலே நாலைந்து வருடம்தான். அதுவும் சார்ஜைப் பாதிக்குக் கீழே இறங்கவிட்டுக்கொண்டே இருந்தால் சீக்கிரம் செத்துப்போகும். இவ்வளவு தூரம் பேனலைத் தூக்கி வந்தவர்கள் இதைச் சொல்லாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நண்பர்கள் கை கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத லித்தியம் பேட்டரி ஒன்று, 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி, வாங்கினோம். பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரையும் அதற்கேற்ப மாற்றினோம். 9 வாட் விளக்கு ஆறு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 270 வாட்-மணி. மூன்று நாள் வெயில் வராவிட்டாலும் தாங்கும். பேனலைக் கொஞ்சம் சாய்த்துக் கட்டினேன். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் வெயிலுக்காகப் பெரிய சாய்வு தேவையில்லை, ஆனால் 10 டிகிரியாவது இருந்தால்தான் மழை அழுக்கைக் கழுவிக்கொண்டு போகும்.

ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊரில், பங்கர் ராய் 1972-இல் தொடங்கிய பேர்ஃபுட் காலேஜில், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்கு ஆறு மாதத்தில் சோலார் வேலை கற்றுக் கொடுக்கிறார்கள். பாஷை தெரியாதவர்களுக்கும் நிறத்தையும் சைகையையும் வைத்தே பாடம். அதை நினைத்துத்தான் மாக்சிக்கிடம் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைக் கொடுத்தேன். வயரில் நான் ஒட்டிய கலர் டேப் அந்த ஈரத்தில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அடுத்த தடவை போனபோது, பிளஸ் வயரில் சிவப்புச் சாயம் ஏற்றிய மெங்குவாங் கீற்று, மைனஸில் கறுப்பு, இரண்டும் பாய் விளிம்பு முடிவதுபோல் இறுக்கி முடிந்திருந்தன. அவரே மீட்டர் வயரின் முனைகளை பேட்டரியில் வைத்தார், மீட்டர் 13.2 வோல்ட் காட்டியது. "நல்லது," என்றார். 12.8-க்கு வந்தால் இரண்டு விளக்கை அணைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

தண்ணீர்க் கதை வேறு. மலை ஓடையிலிருந்து பாலி பைப்பில் தானாக இறங்கி வரும், பம்ப் வேண்டாம். ஆனால் மேலே மரம் வெட்டுவதால் மழை பெய்தால் தேத்தண்ணீர் நிறத்தில் வருகிறது. குடிக்க முடியாதது ஒரு பக்கம். முள் சீவிய மெங்குவாங் இலையை இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தால்தான் வெளுக்கும். கலங்கலில் ஊறினால் கறை ஏறிவிடும், பாய்க்கு விலை போகாது.

மணல் வடிகட்டி வைத்தோம். 1829-இல் லண்டனில் செல்சி தண்ணீர் ஆலையில் ஜேம்ஸ் சிம்ப்சன் கட்டிய அதே முறைதான். 1990-களில் கனடாவில் டேவிட் மான்ஸ் அதை வீட்டளவுக்குச் சுருக்கினார். முதலில் ஒரு தொட்டியில் சேறு படியவிட்டு, பிறகு சலித்துக் கழுவிய மணல் நிரப்பிய நீல டிரம்முக்கு விடுகிறோம். மணலுக்கு மேல் எப்போதும் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். அங்கேதான் கிருமியைத் தின்னும் உயிர்ப்படலம் வளர்கிறது. அது வளர மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை கொதிக்கவைத்தார்கள், குடிக்கிற தண்ணீரை இப்போதும் கொதிக்கவைக்கத்தான் சொல்கிறேன்.

வடிகட்டிய தண்ணீரில் ஊறவைத்த முதல் இலைக்கட்டு வெயிலில் காய்வதைப் போன மாதம் பார்த்தேன், பால்மர (ரப்பர்) ஷீட் காய்வதுபோல் வரிசையாக. மாக்சிக் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். கறை இல்லை.

உதவி செய்ய நினைக்கிறவர்களுக்கு: புதுப் பேனல் வேண்டாம், அங்கே இருப்பதே போதும். இடி தாங்க எர்த் ராட் ஒன்று, உதிரி ஃபியூஸ், இன்னொரு மல்டிமீட்டர் தேவைப்படுகிறது. வருகிற சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறேன், வண்டியில் இரண்டு இடம் இருக்கிறது. மணலின் மேல்பரப்பைக் கிளறிவிடும் வேலை இந்தத் தடவை மாக்சிக்கின் பேத்தியுடையது. நான் பக்கத்தில் நிற்பேன்.