அரை மாத்திரை

ஜூன் 3

மெட்டு கைக்கு வந்து 11 நாள். பல்லவி இல்லை. சரணம் இல்லை. வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றிய ஒரு சொல்கூட இல்லை.

மெட்டுப் போட்ட தம்பியிடமிருந்து வாய்ஸ் நோட். "அவசரமே இல்லக்கா, நீங்க மெதுவா எழுதுங்க." அவசரம் என்று சொல்லியிருந்தால் தேவலை. இந்தப் பொறுமையைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 4

அம்மாவுக்குக் காலையில் அரை மாத்திரை, இரவு ஒன்று. பத்து நாள் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, முனகவும் கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். மெதுவாகக் கிசுகிசுத்தால் தொண்டைக்கு இதம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இல்லையாம். அதுவும் குரல்நாணுக்குப் பாரம்தானாம்.

சிலேட்டு ஒன்று தலைமாட்டில் இருக்கிறது.

ஜூன் 5

தூக்கம் வரவில்லை. மெட்டை எழுதிப் பார்க்கிறேன்.

தான தானனா. தான தானனா. நெடில், குறில், நெடில், குறில், நெடில். நாலு தடவை வருகிறது, அவ்வளவுதான் பல்லவி. ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசி 'னா'வை எட்டு எண்ணிக்கை இழுத்து, முடியும்போது மெல்ல இறக்குகிறான் தம்பி. அவன் குரல் ஒன்றும் பிரமாதமில்லை, ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அங்கே எந்தச் சொல்லை உட்கார வைப்பேன்?

எனக்கு வருகிற சொல்லெல்லாம் உகரத்தில் முடிகிறது. காற்று, நேற்று, மூச்சு, பாட்டு, வீடு. எல்லாம் குற்றியலுகரம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, குற்றியலுகரத்துக்கு அரை. கண்ணிமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்றால் அதில் பாதி. நாக்கு பட்டும் படாமலும் போய்விடுகிற சத்தம் அது. அதை எட்டு எண்ணிக்கைக்கு எப்படி நிறுத்துவது?

எல்லாரும் செய்வதைத்தான் நானும் இத்தனை வருஷம் செய்தேன். வாலில் ஓர் ஏகாரம் ஒட்டினால் நெடிலாகிவிடும்.

காற்று வீசுதே.
நேற்று போனதே.
பாதை நீளுதே.

அளந்து வைத்த மாதிரி மெட்டில் உட்காருகின்றன. படித்தால் வெறும் சத்தம். சண்டை போட்ட இருவர், இரவுப் பயணம், பக்கத்துப் பக்கத்து இருக்கை, வாய் திறக்கவில்லை. அதுதான் பாட்டின் சூழ்நிலை. அவர்களுக்குக் காற்று வீசினால் என்ன, வீசாவிட்டால் என்ன?

ஜூன் 6

தே தே தே தே.

ஜூன் 8

அம்மா இன்று எழுதியவை: தண்ணி. ஜன்னல். லைட். போதும். கால் (பிடித்துவிடச் சொல்கிறாள்). போதும்.

சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறாள். அழித்துவிட்டு அடுத்ததை எழுதுவது சிரமம் என்பதால் ஒரே சொல். வாய் நிறையப் பேசுகிறவள். ஒரு ஜன்னலைச் சாத்தச் சொல்ல மூன்று கதை சொல்கிறவள்.

அந்த விஷயத்தை இன்று மறுபடி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சிலேட்டை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

ஜூன் 9

செய்து பார்த்தவை. சரணத்தை முதலில் எழுதினேன். பல்லவி தெரியாத சரணம் யாரிடமோ பேசுகிற மாதிரி இருந்தது. மெட்டை ஓரமாக வைத்துவிட்டு அந்த இருவரைப் பற்றி உரைநடையில் இரண்டு பக்கம் எழுதினேன். அது நன்றாக வந்தது. அதிலிருந்து ஒரு வரியைத் தூக்கி மெட்டில் வைத்ததும் செத்துப்போனது. பத்து நிமிஷம் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் வந்ததை எழுதுவது என்று உட்கார்ந்தேன். பாதியிலேயே ஏகாரம் வந்துவிட்டது.

ஏகாரத்தின் மேல் எனக்கு ஏன் இத்தனை கோபம்? அது அழைப்பு. காற்றே, நிலவே, கனவே, உயிரே. இத்தனை வருஷத்தில் எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கிறேன்! ஒருத்தர் திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நானும் கூப்பிடவில்லை, ஸ்வரம் நீளமாக இருந்தது, கூப்பிட்டேன்.

இந்தப் பாட்டில் யாரையும் கூப்பிட மாட்டேன்.

ஜூன் 10

மாமா வந்திருந்தார். அம்மா தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜூன் 11

இனி வராது என்று நினைக்கிறேன். இதை எழுதும்போது கை நடுங்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் வராவிட்டால் அழுகை வரும்.

என் பழைய பாட்டுகளைப் போட்டுக் கேட்டேன். யாரோ எழுதியவை போல இருந்தன. ஒன்றில் மட்டும் ஒரு வரி குத்தியது. அதை எந்த அறையில், எந்த வெளிச்சத்தில் எழுதினேன் என்று ஞாபகம் இருக்கிறது. எப்படி எழுதினேன் என்று ஞாபகம் இல்லை.

ஜூன் 12

நன்னூலை எடுத்தேன். எழுத முடியாதபோது இலக்கணம் படிப்பது எனக்கு ஆறுதல். யாரும் என்னிடம் எதையும் கேட்காத இடம் அது.

ஒற்றளபெடை. கல்லூரியில் பரீட்சைக்குப் படித்து மறந்தது. ஓசை குறையும் இடத்தில் உயிரெழுத்து மட்டுமல்ல, மெய்யும் நீளும். எல்லா மெய்யும் அல்ல. ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள, கூட ஆய்தம், ஆக 11. வல்லினம் ஆறும் கிடையாது, ர, ழ இரண்டும் கிடையாது. பாடிப் பார்த்தேன். 'க்' நீளாது, தொண்டை அடைத்துக்கொள்கிறது. 'ம்' எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கிறது, வாய் மூடியிருக்கும்போதே. 'ன்', 'ண்', 'ள்' மூன்றும் நிற்கின்றன. 'ல்' கொஞ்சம் மெலிகிறது, ஆனால் நிற்கிறது.

இத்தனை நாள் அந்தக் கடைசி ஸ்வரத்துக்கு வாய் திறந்த சொல்லையே தேடிக்கொண்டிருந்தேன். ஏன்? அவர்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லையே.

ஒரு வரியும் எழுதவில்லை. ஆனால் இரவு முழுக்க மெய்யெழுத்தில் முடிகிற சொற்களாக வந்துகொண்டிருந்தன. மணல், விரல், நிழல், கடன், நகம், அவள், மகள்.

ஜூன் 13

அந்த விஷயம். மூன்றாவது தடவை. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை, ஆனாலும் கேட்டேன்.

அம்மா ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. பிறகு சிலேட்டில் இரண்டு சொல் எழுதினாள். இத்தனை நாளில் முதல் தடவையாக இரண்டு சொல்.

நாளை பேசலாம்.

ஜூன் 14

காலையில் பல் தேய்க்கும்போது தெரிந்தது. நாளை பேசலாம். தான தானனா. 'ளை' சொல்லின் கடைசியில் நிற்பதால் ஐகாரக் குறுக்கம், ஒரு மாத்திரைதான், குறிலின் இடத்தில் சரியாக விழுகிறது. வாய் கொப்பளிக்கவில்லை. அப்படியே ஓடி வந்து எழுதினேன்.

பாதி வார்த்தையில்
நின்று போனதை
நாளை பேசலாம்
தூங்கு, சாய்ந்துகொள்

இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. 22 நாளும் இருபது நிமிஷமும்.

எதுகை இல்லை. கவலையில்லை. 'வார்த்தையில்', 'சாய்ந்துகொள்' இரண்டும் குறிலுக்குப் பின் மெய், நன்னூல் ஒப்புக்கொள்ளும். 'பேசலாம்' ஒப்புக்கொள்ளாது, அங்கே நெடிலுக்குப் பின் 'ம்' நிற்கிறது. நிற்கட்டும். 'லா'வில் பாதி இழுத்து, உதட்டை மூடி, மீதியை 'ம்'மில் முடிக்க வேண்டும். பேச வந்து வாயை மூடிக்கொள்கிறவர்களின் பாட்டு.

பாடிப் பதிவு செய்து தம்பிக்கு அனுப்பிவிட்டேன். என் குரல் உடைந்தது. திரும்பப் பதிவு செய்யவில்லை.

அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை. அவளுடைய வரி.

ஜூன் 15

பதில் இல்லை. அவசரம் இல்லை என்று நானும் சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 16

குரல் பயிற்சி ஆரம்பம். முதல் பயிற்சி என்ன தெரியுமா? உதட்டை மூடிக்கொண்டு 'ம்'. வேறெதுவும் இல்லை. மூக்கும் உதடும் அதிர வேண்டும், தொண்டையில் அழுத்தம் கூடாது. அம்மா கண்ணை மூடி முயன்றாள். முதலில் காற்று மட்டும் வந்தது. இரண்டாவது தடவையும் காற்று. மூன்றாவதில் ஏதோ ஒன்று, கரகரவென்று, ஒரு கண்ணிமை நேரம்.

நான் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 17

தம்பி கூப்பிட்டான். வரி பிடித்திருக்கிறது, ட்ராக் பாடிய பெண் அழுதுவிட்டாளாம். ஆனால் "பேசலாம்ல அந்த 'ம்' வேண்டாமேக்கா, 'லா'வுலயே நிறுத்தினா குரல் திறந்து வரும், இப்படிப் பாடினா மிக்ஸ்ல அமுங்கிடும்" என்கிறான். அவன் சொல்வது தவறில்லை. 'ஆ'வுக்கு இருக்கிற கனம் 'ம்'முக்குக் கிடையாது.

அமுங்கட்டும் என்றேன். அமுங்குவதற்காகத்தான் அங்கே வைத்திருக்கிறேன் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போல. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிக்கா, இசையைக் குறைச்சுப் பாக்கறேன்" என்றான். நல்ல பிள்ளை.

ஜூன் 18

சரணம் ஓடுகிறது. ஆறு வரி.

ஜூன் 20

சரணத்தின் கடைசி இடத்தில் நிற்கிறேன். மெட்டு அங்கே மேல் ஸ்தாயிக்குப் போய்விடுகிறது. 'ம்' அங்கே நிற்காது, பாடிப் பார்த்துவிட்டேன், கீச்சென்கிறது. அவ்வளவு உயரத்தில் 'ஈ', 'ஊ' போட்டால் பாடுகிறவளுக்குக் கஷ்டம். வாய் திறந்தே ஆக வேண்டும். 'ஆ' வேண்டும்.

தமிழில் ஆகாரத்தில் முடிகிறவை என்னென்ன? நிலா, விழா, இப்படிச் சில பெயர்கள். கண்ணா, ராஜா, அவை அழைப்பு, அழைக்க மாட்டேன் என்று எழுதிவிட்டேன். மற்றதெல்லாம் கேள்வி. வருமா. போதுமா. நானா. நீயா. இல்லையா.

ஆக, அவர்களில் ஒருவர் அங்கே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். எந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியும். மூன்று தடவை கேட்டிருக்கிறேன்.

அதைப் பாட்டில் வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்கணும். இப்போது தூங்குகிறாள். சிலேட்டு காலியாக இருக்கிறது.