திரை வரைவதற்கு முன்னால் யாரைக் கூப்பிடுவது?

ஓசூரில் ஒரு சிறிய மென்பொருள் குழுவில் திரை வடிவமைப்பு என் வேலை. எந்தப் பொத்தான் எங்கே இருக்கணும், அதில் என்ன படம் வரணும் என்று முடிவு செய்கிறவர்களில் நானும் ஒருத்தி. காவேரிப்பட்டணம் பக்கத்தில், அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. காகிதக் கவர், மெழுகுவத்தி, பினாயில் செய்கிறார்கள். அங்கே வேலைக்கு வருபவர்கள் தனியாகப் பஸ் ஏறி வந்துபோக ஒரு செயலி செய்யும் பொறுப்பு எங்களுக்கு வந்தது.

இந்த மாதிரி வேலைகளில் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் பேசித் தேவைகளை எழுதிக்கொள்வதுதான் வழக்கம். எல்லாம் முடிந்த பிறகு, பயன்படுத்தப்போகிறவர் கையில் போனைக் கொடுத்து, “பிடிச்சிருக்கா?” என்று கேட்பார்கள். “பிடிச்சிருக்கு மேடம்” என்று பதில் வரும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலர், கேட்கிறவர் மனம் கோணக்கூடாது என்று எதற்கும் ஆமாம் போடுவதை ஆய்வாளர்கள் வெகுகாலமாகவே பதிவு செய்திருக்கிறார்கள். அடுத்தவர் சொன்னபடியே நடந்து பழக்கப்படுத்தப்பட்டவர்கள் அவர்கள். ‘இதுவா, அதுவா’ என்று கேட்டால், சிலர் கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்வார்கள்.

மையத்து டீச்சர் ஒரு யோசனை சொன்னார். “கேக்காதீங்க, கூடப் போய்ப் பாருங்க.” போனோம். இறங்கும் இடத்தை எதை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கிறார்களோ அதைப் போட்டோ எடுக்கச் சொன்னோம், அவ்வளவுதான். நிறுத்தத்தின் பெயர்ப்பலகையை ஒருவர்கூட எடுக்கவில்லை. ஒருவர் பெட்ரோல் பங்க்கை எடுத்தார். ஓர் அக்கா மாங்கூழ் ஆலையின் கேட்டை எடுத்தார். ஓர் இளைஞர் போனைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு ஸ்பீட் பிரேக்கர் வருகிறது. பஸ் அதில் ஏறி இறங்கியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “இங்க தூக்கிப் போடும்ல, அப்ப எந்திரிக்கணும்” என்றார். அவருடைய அம்மாவுக்கே இது தெரியாது. பெற்றோர் கூட்டம் எத்தனை போட்டிருந்தாலும் எங்கள் குறிப்பேட்டில் இது ஏறியிருக்காது.

செயலியின் வடிவமே அதற்குப் பிறகு மாறிவிட்டது. எல்லோருக்கும் பொதுவான படங்கள் போய், அவரவர் எடுத்த போட்டோவே அவரவர் திரையில் வந்தது. இறங்கும் இடம் நெருங்கும்போது போன் அதிர வேண்டும் என்பதும் அந்த இளைஞர் தந்த யோசனைதான். முகப்புத் திரைக்குப் போக எல்லாச் செயலியிலும் ஒரு குட்டி வீட்டுப் படம் இருக்குமே, அதைத் தொட்டால் வீட்டுக்குப் போன் போகும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அவர்கள் நினைத்ததில்தான் நியாயம் இருக்கிறது. அந்தப் பொத்தானை அப்படியே வேலை செய்ய வைத்தோம். திரையில் இருந்த கார்ட்டூன் பொம்மைகளை யாரும் சீண்டவில்லை. முப்பது, நாற்பது வயதுக்காரர்களிடம் சின்னப் பிள்ளைகளுக்கான படங்களை நீட்டும் பழக்கம் எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

கடவுச்சொல்லை நினைவில் வைத்துத்தான் நுழைய வேண்டும் என்ற கட்டாயம் கூடாது என்பது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையதளங்களை அமைப்பதற்கென்று 2023 அக்டோபரில் வந்த வலை அணுகல் வழிகாட்டி (WCAG) 2.2-இல் இருக்கிறது. எங்களுக்கு அது பெரிய பலம். ஆனால் கடவுச்சொல்லை எடுத்துவிட்டு அங்கே எதை வைப்பது என்பதற்கு, அதைத் தொட்டுப் பார்க்கிறவர்தான் பதில் சொல்ல முடியும். 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும் இதையே சொல்கிறது. அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களை நெருக்கமாகக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது நான்காவது பிரிவு. பெற்றோர் கருத்து வேண்டும், டீச்சர் கருத்தும் வேண்டும். ஆனால் பயன்படுத்தப்போகிறவர்களின் கருத்துக்கு ஈடாக அவை நிற்காது.

சம்மதம் கேட்பதும் லேசான காரியமில்லை. காப்பாளர் கையெழுத்து வாங்கினதோடு நாங்கள் விடவில்லை. என்ன செய்யப்போகிறோம் என்பதைப் படங்களாக வைத்து, எளிய தமிழில் ஒவ்வொருவரிடமும் சொன்னோம். ஆளுக்கொரு சிவப்பு அட்டையும் கொடுத்தோம். அதை மேஜைமேல் வைத்தால் நிறுத்திவிடுவோம், காரணம் கேட்க மாட்டோம். முதலில் யாரும் அதைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் பாதி வேலையில் ஓர் அக்கா அட்டையை எடுத்து வைத்துவிட்டு, கவர் ஒட்டப் போய்விட்டார். எங்கள் குழுவில் ஒருவருக்கு அது வருத்தம். எனக்கு அன்றைக்குத்தான் நிம்மதி. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர் வேணும் என்று சொன்னால் அதை நம்பலாமே!

சோதித்துப் பார்க்க வரும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே தொகையை இவர்களுக்கும் கொடுத்தோம். அதை அவரவர் கையிலேயே கொடுத்தோம்.

பேச்சு வராதவர்கள் சிலரும் அந்த மையத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய ‘வேண்டாம்’ எப்படி இருக்கும் என்பது தினமும் கூட இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஒருவர் தலையைத் திருப்பிக்கொள்வார், இன்னொருவர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். அடுத்த கட்ட வேலைத் திட்டத்தில் முதல் சில வாரங்களை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். அந்த வாரங்களில் நாங்களும் அவர்களோடு உட்கார்ந்து கவர் ஒட்டப்போகிறோம். அதுவரை திரை எதுவும் வரைவதில்லை.