மேஜிக் கிங்டத்தில் அத்தையோடு ஒரு நாள்

புதிதாக ஓர் இடத்துக்குப் போவதென்றால் அத்தை முதலில் கேட்பது "எத்தனை படி?" என்பதுதான். ஒன்றரை வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தால் வலது கால் சூம்பிப்போக, தொடையிலிருந்து பாதம் வரை காலைத் தாங்கும் காலிப்பர் பட்டை மாட்டிக்கொண்டு, கும்பகோணத்துக்குப் பக்கத்துப் பள்ளியொன்றில் முப்பத்தோராண்டுகள் நின்றபடியே அறிவியல் பாடம் நடத்தியவர் அவர். அறுபதைக் கடந்த பிறகு, இத்தனை காலமும் இரண்டு கால்களின் பாரத்தையும் சேர்த்துச் சுமந்த இடது காலும் தளரத் தொடங்கியது. போலியோ வந்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து இப்படி மறுபடியும் ஒரு பலவீனம் வருவதுண்டு. இப்போது வீட்டுக்குள் ஊன்றுகோலோடு நடப்பார். ஐம்பதடிக்கு மேல் என்றால் உட்கார இடம் தேடுவார்.

2024 நவம்பரில் அட்லாண்டாவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, எட்டு வயது மகளின் நச்சரிப்பால் ஆர்லாண்டோ பக்கத்திலுள்ள டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்குப் போவதென்று முடிவானது. "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்றார் அத்தை. மகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு சவாரியிலும் ஏறும் முறையைப் படித்து நான் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்த பிறகு, அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்துவதைப் போல அதை முழுவதும் வாசித்துவிட்டு, "சரி, வரேன்" என்றார்.

காரில் ஏழு மணி நேரப் பயணம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. போய்ச் சேர்ந்த விடுதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான அறை, தடுப்பில்லாத குளியலிடம் என்று உறுதிசெய்து பதிந்திருந்தேன். கிடைத்த அறையில் முழங்கால் உயரத்துக்குத் தொட்டி இருந்தது. கேட்டதற்கு, கைப்பிடி பொருத்தியிருக்கிறதே என்றார்கள். காலிப்பரைக் கழற்றியபின் ஒற்றைக் காலில் நிற்கும் ஒருவர் அந்த விளிம்பைத் தாண்டுவது எப்படி என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து வாளியில் தண்ணீர் பிடித்துக் குளித்தார். இப்படி அறை எடுப்பவர்கள் பதிவு செய்வதோடு நிற்காமல், முதல் நாள் தொலைபேசியில் அழைத்து, குளியலறை எப்படி இருக்கிறதென்று வாயால் சொல்லக் கேட்டுக்கொள்வது நல்லது.

சக்கர நாற்காலியும் மின் ஸ்கூட்டரும் பூங்காவின் உள்ளேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை வெளியே கொண்டுவர முடியாது. மேஜிக் கிங்டத்தின் வாசல், கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் இல்லை. நடுவே செவன் சீஸ் லகூன் என்ற ஏரி கிடக்கிறது. அதைப் படகிலோ மோனோரயிலிலோ கடந்துதான் போக வேண்டும். எனவே வெளியே ஒரு கடையில், பிரித்து டிக்கியில் வைக்கக்கூடிய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டோம். மோனோரயில் நிலையத்துக்கு ஏறும் சாய்தளம் செங்குத்தாக இருக்கும். படகின் கீழ்த்தளமோ கரையோடு சமமாக நிற்கும். நாங்கள் படகில் போனோம்.

ஸ்கூட்டரின் வேகத் திருகில் ஒரு முனையில் ஆமைப் படமும் மறுமுனையில் முயல் படமும் இருந்தன. ஊரில் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரில் சந்தைக்குப் போய்வரும் அத்தைக்கு அது விளையாட்டுச் சாமான்தான். அவரைத் தள்ளிக்கொண்டு போக நாங்கள் யாரும் தேவைப்படவில்லை என்பதே அன்றைய பாதி மகிழ்ச்சி. மெயின் ஸ்ட்ரீட்டில் குதிரை இழுக்கும் டிராமுக்கான தண்டவாளம் பதித்திருக்கிறார்கள். அதன் இடுக்கில் சிறிய சக்கரம் மாட்டிக்கொள்ளும் என்று நான் ஓடிப்போய் எச்சரிப்பதற்குள், வண்டியைத் திருப்பிக் குறுக்கே நேராகக் கடந்துவிட்டு, "ரயில்வே கேட்டுல இருபது வருஷம் வண்டி ஓட்டியிருக்கேன்டா" என்றார். அவருக்குத் தொல்லை கொடுத்தது தண்டவாளம் அல்ல, பூங்காவின் சிண்ட்ரெல்லா கோட்டையைக் கண்டதும் நடுவழியில் சட்டென்று நின்று கைப்பேசியைத் தூக்குகிற கூட்டம். உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் கோட்டையைவிட முதுகுப்பைகள்தாம் அதிகம் தெரிகின்றன.

வண்டியில் வருபவரை வரிசையில் முன்னே விட்டுவிடுவார்களா என்று அன்று முதல் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். விடமாட்டார்கள். தனிச் சலுகைத் திட்டம் ஒன்று உண்டு. ஆனால் 2024-இல் அதை மாற்றியமைத்து, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கென்று பெரும்பாலும் சுருக்கிவிட்டார்கள். நடக்க முடியாதவர் சக்கரத்தோடு எல்லோரையும் போல வரிசையில் வரலாம், அவ்வளவுதான். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. அத்தைக்கு இல்லை. "உட்கார்ந்துதானே இருக்கேன், நிக்கற உனக்குத்தான் கஷ்டம்" என்றார்.

'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' சவாரியில் சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய படகு உண்டு. மின் ஸ்கூட்டரை ஏற்றுவதில்லை; அங்கேயே கொடுக்கும் சாதாரண நாற்காலிக்கு மாறிக்கொள்ள வேண்டும். 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவான சவாரி அது. பொம்மைகள் பாடும் பாட்டை இரண்டு நாளுக்குத் தலையிலிருந்து விரட்ட முடியாது. ஜங்கிள் க்ரூஸில் நாற்காலியைத் தூக்கி இறக்கும் மேடை உள்ள படகு வரும்வரை காத்திருந்தோம். பீட்டர் பான் சவாரியை அத்தை பட்டியலிலேயே அடித்துவிட்டார். அங்கே நகரும் பாதையில் நடந்தபடியே ஏற வேண்டும், அதை யாருக்காகவும் நிறுத்துவதில்லை.

ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகைச் சவாரியிலும் நகரும் பாதைதான். ஆனால் கேட்டால் வேகத்தைக் குறைப்பார்கள், தேவையென்றால் நிறுத்துவார்கள். அத்தையின் சிக்கல் நடப்பதில் இல்லை, உட்காருவதில் இருந்தது. காலிப்பரின் முட்டியில் இரண்டு பக்கமும் ஒரு வளையம் இருக்கும். நிற்கும்போது அது தானாகக் கீழே விழுந்து, காலை நேராகப் பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமென்றால் வளையங்களை மேலே இழுத்தால்தான் முட்டி மடங்கும், 'டக்' என்ற சத்தத்தோடு. அதற்கு இரண்டு கைகளும் வேண்டும். ஊன்றுகோலைப் பிடிக்க மூன்றாவது கை ஒன்றும் வேண்டும். பணியாளர் இளம்பெண் அதைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் பாதையை நிறுத்தினார். அத்தை என் தோளைப் பிடித்து அந்தக் கறுப்பு இருக்கையின் விளிம்பில் சாய்ந்து, வளையங்களை இழுத்து, காலை மடக்கி உள்ளே வைத்தார். நாங்கள் நகரும்வரை உள்ளே இருந்த அத்தனை பேரும் இருட்டில் தங்கள் இருக்கைகளில் அப்படியே காத்திருந்தார்கள். பேய்கள் குறும்பு செய்து பயணத்தைத் தடுத்துவிட்டதாக ஒலிபெருக்கி சொன்னது. "பேய்னு என்னைத்தான் சொல்றான்" என்று அத்தை சிரித்த சிரிப்பு சவாரி முடியும்வரை அடங்கவில்லை.

மதியம் நாங்கள் கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, வெயிலுக்கு ஒதுங்கத்தான் ஹால் ஆஃப் பிரசிடென்ட்ஸுக்குள் நுழைந்தோம். பூங்கா திறந்த 1971-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கும் அரங்கு அது. அமெரிக்க அதிபர்கள் அனைவரும் இயந்திர உருவங்களாக மேடையில் இருப்பார்கள். ஸ்கூட்டரை விட்டு இறங்க வேண்டியதில்லை. மகள் ஐந்தாவது நிமிடமே நெளியத் தொடங்கினாள். பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்க, அழைக்கப்பட்டவர் தலையசைக்கிறார். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் பெயர் வந்தபோது அத்தை முன்னால் குனிந்தார். பலர் நின்றுகொண்டிருக்க, உட்கார்ந்திருக்கும் சிலரில் அவரும் ஒருவர்.

வெளியே வந்ததும் மகளுக்கு அங்கேயே ஒரு பாடம் நடந்தது. 1921-இல் தம் 39-ஆம் வயதில் போலியோ வந்தவர் அவர் என்றும், முட்டியில் பூட்டும் இரும்புப் பட்டைகளை மாட்டிக்கொண்டுதான் மேடைகளில் நின்று பேசினார் என்றும், நான்கு முறை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்றும் அத்தை சொன்னார். ரூஸ்வெல்ட் 1938-இல் தொடங்கிய அறக்கட்டளை, மக்களிடம் சில்லறைக் காசாகத் திரட்டிய பணத்தில்தான் ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி ஆராய்ச்சி நடந்தது. அது வெற்றி என்று அறிவிக்கப்பட்டது 1955 ஏப்ரல் 12. ரூஸ்வெல்ட் இறந்து சரியாகப் பத்தாண்டு.

"நீங்க எப்ப பொறந்தீங்க, அத்தைப் பாட்டி?"

"அம்பத்தாறுல."

மகள் விரலை மடக்கி எண்ணினாள். "அப்ப ஊசி வந்துடுச்சே?"

"இந்த ஊருக்கு வந்துடுச்சு. எங்க ஊருக்கு வரலை" என்றார் அத்தை, மழை பெய்யவில்லை என்று சொல்வதைப் போல. அதன்பிறகு வண்டியை முயல் பக்கம் திருப்பிவிட்டு, அணிவகுப்பைப் பார்க்கச் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு ஒதுக்கிய இடத்தை நோக்கி எங்களுக்கு முன்னால் போய்விட்டார். நேரத்தோடு போனால்தான் அங்கே இடம் கிடைக்கும் என்பதை என் பட்டியலில் படித்திருந்தார்.

வாணவேடிக்கை முடிந்து படகில் கரைக்குத் திரும்பியபோது இரவு பத்தரை. கார் நிறுத்துமிடத்தில் நான் ஸ்கூட்டரின் இருக்கையையும் பேட்டரியையும் கழற்றி டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை முன்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னிருக்கையில் பாதித் தூக்கத்தில் இருந்த மகள் கேட்டாள்: "அந்தத் தாத்தா உட்காரும்போதும் டக்குனு சத்தம் வருமா?"

"வந்திருக்கும்" என்று சொல்லி, அத்தை இரண்டு வளையங்களையும் மேலே இழுத்து, அவளுக்குக் கேட்கும்படியாக முட்டியை மடக்கிக் காட்டினார்.