நான் கொடுத்த காசுதான் செல்லும்

"நான் கொடுத்த காசுதான் செல்லும்" என்று என் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் சொன்னதில் தவறில்லை என்று இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறேன், என்னோடுதான்.

கடை விளையாட்டு. 1 எழுதிய அட்டைக் காசு ஐந்தைக் கொடுத்துவிட்டு 5 எழுதிய ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள். "நான் ஐந்து தரணும், நீங்கள் ஒன்றுதான் தருவீர்களா?" மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பொருளுக்கு ஓர் எண், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம்: குழந்தைகள் எப்படி எண்ணுகிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் கெல்மனும் காலிஸ்டலும் 1978-இல் வகுத்த எண்ணும் நெறிகளில் இவை இரண்டையும்தான் பல வாரங்களாகத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதன்படி அந்தக் காசு ஒன்றேதான். நெறியை மீறியது காசு, அவள் அல்ல.

அளவைக் காட்டியும் தப்பிக்க முடியாது. அமெரிக்காவில் பத்து சென்ட் நாணயம் ஐந்து சென்ட்டைவிடச் சிறியது. ஆகவே, "எத்தனை, எவ்வளவு பெரியது என்று பார்க்காதே, மேலே எழுதியிருக்கும் எண்ணைப் பார், அதுதான் மதிப்பு" என்றேன்.

பார்த்தாள். காகிதத்தைக் கிழித்தாள், கோணலாக ஒரு வட்டம் போட்டாள், நடுவில் 5 எழுதினாள் (வயிறு வலப்பக்கத்துக்குப் பதிலாக இடப்பக்கம் திரும்பியிருந்தது), அதைக் காசாக நீட்டிக் கடையில் பென்சில் கேட்டாள்.

"இது செல்லாது."

"உங்களுடையதும் அட்டைதானே, டீச்சர்?"

அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். வாங்கியிருந்தால் அடுத்த நிமிடமே எல்லோரும் நூறு நூறாக எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. விளையாட்டுக்கு விதி வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அரசு அச்சிட்ட நோட்டு ஏன் செல்கிறது என்று பெரியவர்கள் கேட்டாலும் இதைவிட நல்ல பதில் என்னிடம் இருக்கிறதா? ஊரே ஒப்புக்கொள்வதால் செல்கிறது. அவள் கேட்டது அதைத்தான். நான் காட்டியதோ என் அதிகாரத்தை.

வேறு வழியும் இருந்தது. "உன் 1 காசு ஐந்தையும் என் பெட்டியில் போட்டுவிடு, அதற்கு அடையாளமாக இந்தக் காகிதத்தை வாங்கிக்கொள்கிறேன்" என்றிருக்கலாம். அந்த 5 எதற்குப் பதிலாக நிற்கிறது என்பது கண்ணெதிரே தெரிந்திருக்கும். பிறகு யோசித்தால் இதெல்லாம் அழகாகத்தான் வருகிறது. ஐந்துக்கு ஒன்று வாங்கவே மறுத்தவள் பெட்டியில் மட்டும் போட்டிருப்பாளா? கூட வேலை செய்கிறவரிடம் கேட்டேன். "விளையாட்டுதானே, வாங்கிப் போட்டிருக்கலாம்" என்றார். எனக்கு அது பதிலாகவே படவில்லை.

இப்போது அவள் ஐந்தைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொள்கிறாள், கேள்வி எதுவும் கேட்பதில்லை. புரிந்துகொண்டாளா, டீச்சரோடு மல்லுக்கட்டி என்ன பயன் என்று விட்டுவிட்டாளா, தெரியவில்லை. மதிப்பீட்டுப் படிவத்தில் "காசு மாற்றத் தெரியும்" என்ற இடத்தில் டிக் போட்டிருக்கிறேன். மாற்றத் தெரிகிறது, அதுவரை உண்மை.