எடை குறைந்தது, வயிறு குறையவில்லை

பிரசவம் முடிந்து ஜிம்மில் சேரப்போகிற அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் வயிற்றுத் தசை விலகியிருக்கிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் மாதக்கணக்கில் முதுகுவலியோடு அலைந்திருக்க மாட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கர்ப்ப காலத்தில் பெரிய தொல்லை இல்லை. குளுக்கோஸ் குடித்துவிட்டு எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 140-ஐத் தாண்டியதால், சாப்பிட்டதும் நடக்கச் சொன்னார்கள். கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒன்பதாம் மாதம் வரை நடந்தேன். மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஏறிய எடை 13 கிலோ. உயரத்துக்கேற்ற எடையோடு கர்ப்பமாகிறவர்களுக்கு 11.5 முதல் 16 கிலோ வரை ஏறலாம் என்பதால் அதிலும் குறை சொல்ல எதுவுமில்லை. கடைசியில் சிசேரியன்.

தொல்லை டிஸ்சார்ஜ் அன்றே தொடங்கியது. அவர்கள் கொடுத்த தாளில் மாத்திரை, தையல், குழந்தையின் தடுப்பூசி எல்லாம் இருந்தது. உடற்பயிற்சி பற்றி ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, "ஆறு வாரம் கழிச்சு வாங்கம்மா" என்றார்கள். போனேன். தையலைப் பார்த்துவிட்டு, "நல்லா ஆறிடுச்சு, இனி எல்லாம் செய்யலாம்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். எல்லாம் என்றால் எது? வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஜிம்மில் டாக்டர் கடிதம் கேட்கிறார்கள் என்றால், "அதெல்லாம் நாங்க குடுக்கறதில்ல" என்று பதில். ஜிம்மில் போய் அதைச் சொன்னால், கடிதம் இல்லாமல் சேர்க்க முடியாது என்கிறார்கள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, அடுத்து பால் கொடுக்கிற நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டிய நிலையில் இந்த இரண்டு இடத்துக்கும் நடையாய் நடந்தேன். கடைசியில் ஜிம்காரர்களே ஒரு படிவத்தை நீட்டி, என்ன ஆனாலும் என் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நெஞ்சுவலி, ஆஸ்துமா, மூட்டுவலி எல்லாம் கேட்டிருந்த அந்தப் படிவத்தில் பிரசவம் பற்றி ஒரு கேள்வி இல்லை.

வீட்டிலும் ஆளுக்கொரு யோசனை. "தண்ணி நெறையக் குடிக்காத கண்ணு, வயிறு போட்டுரும்" என்பார் அத்தை. பாசத்தில் சொல்வதுதான், ஆனால் அதைக் கேட்காதீர்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல்தான் வரும், முக்கினால் தையல் போட்ட வயிறு என்ன பாடு படும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். அத்தை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டது எழுந்து உட்காரும்போது ஆதரவாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் விலகிய தசையைத் துணி சேர்த்துவிடாது.

ஜிம்மில் முதல் வாரமே மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கும் கிரஞ்சஸ், முழங்கையை ஊன்றி உடம்பை நேராகப் பிடிக்கும் பிளாங்க், படுத்தபடி இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவது. கூடவே ஒரு டயட்: சோறு கிடையாது, ராத்திரிக்கு ஒரு ஷேக் மட்டும். பால் கொடுக்கிறேன் என்று சொன்னேன். "ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சுக்கோங்க சிஸ்டர்" என்றார் பயிற்சியாளர். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் தினமும் 600 கலோரி கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர். அதைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைத்தால்? சாயங்காலமானால் எனக்குக் கண்ணை இருட்டியது, குழந்தை பால் போதாமல் அழுதது. ஷேக்கை நிறுத்திவிட்டுப் பழையபடி சோறும் பூண்டுக் குழம்பும் சாப்பிட்ட பிறகுதான் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

எடை 67-க்கு வந்துவிட்டது. வயிறு மட்டும் அப்படியே. கிரஞ்சஸ் செய்யத் தலையைத் தூக்கும்போதெல்லாம் தொப்புளுக்கு மேலே நட்டநடுவில் கூரை முகடு மாதிரி நீளமாக ஒன்று புடைத்துக்கொண்டு வரும். பயிற்சியாளரிடம் காட்டினேன். கொழுப்புதான், இன்னும் ஒரு செட் போடுங்க என்றார். அதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. தும்மினால், வேகமாக மாடிப்படி இறங்கினால் சிறுநீர் கசிந்தது. மருத்துவமனையில் சொன்னபோது, "புள்ள பெத்தா இதெல்லாம் சகஜம்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். பலருக்கும் வருவது என்பது சரி. பயிற்சியால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே!

என் அலுவலகத்து அக்கா ஒருவர்தான் பிசியோதெரபிஸ்ட்டிடம் கூட்டிப்போனார். அவர் என்னை மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கச் சொன்னார். தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்து அழுத்தினார். மூன்று விரல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாற்போல் உள்ளே இறங்கின. "இது கொழுப்பு இல்லம்மா, தசை ரெண்டும் தள்ளிப் போயிருக்கு. டயஸ்டேசிஸ் ரெக்டைன்னு சொல்லுவோம்." வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைகளையும் இணைக்கிற நடுத்திசு, கர்ப்பத்தில் இழுபட்டு மெலிந்துவிடுகிறதாம். நிறையப் பேருக்குத் தானாகவே சேர்ந்துவிடும்; இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி நின்றுவிட்டால் கவனிக்க வேண்டும். இவ்வளவுதான் சோதனை. கருவி இல்லை, ஸ்கேன் இல்லை. ஆறாவது வாரம் அந்தக் கட்டிலில் படுத்திருந்தபோதே செய்திருக்கலாம் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் கொடுத்த பயிற்சிகளைப் பார்த்தால் பயிற்சி என்றே தோன்றாது. மூச்சை விட்டபடி அடிவயிற்றை உள்ளிழுத்துப் பிடிப்பது. படுத்தபடி குதிகாலைத் தரையில் உரசிக்கொண்டே ஒவ்வொரு காலாக நீட்டி மடக்குவது. இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குவது. சிறுநீரை அடக்குவது போல இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடுவது, அதாவது கீகல். ஆனால் சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகக் கூடாது. கட்டிலிலிருந்து நேராக எழாமல், ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும். எந்தப் பயிற்சியானாலும் நடுவயிறு புடைத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஓடுவது, குதிப்பது எல்லாம் பிரசவமாகிக் குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான், அதுவும் கசிவு இல்லாவிட்டால்.

எடைக்கு நடைதான். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குழந்தை தூங்குகிற நேரம் பார்த்துப் பத்து, பதினைந்து நிமிடமாகப் பிரித்து நடந்தேன்.

இப்போது இடைவெளி ஒன்றரை விரல். முதுகுவலி போய்விட்டது. போன வாரம் சளி பிடித்து வரிசையாகத் தும்மினேன், ஒரு சொட்டு கசியவில்லை! எடை 64-ல் நிற்கிறது, கர்ப்பத்துக்கு முன்பு 62. இந்த இரண்டு கிலோவைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

இன்னொன்று. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும். இதையும் எனக்கு மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை, பிசியோதெரபிஸ்ட்தான் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார். தாமதமாகச் செய்தேன், நல்லவேளை இயல்பாகவே வந்தது. டிஸ்சார்ஜ் ஆகும்போது தேதியைக் கேட்டு அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வயிற்றுத் தசையை எப்போது, யார் பார்ப்பார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.