மேய்ன் கடலில் மீன்பிடிப் படகுகளுக்கு ஒதுங்கிப் போகப் பழகியது

மேய்ன் மாநிலத்துப் போர்ட்லேண்டில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே நம்மவர்கள் உண்டா, பொழுது எப்படிப் போகும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, கோடை வந்ததும் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான். சிரிப்பார்கள். நானும் என் கணவரும் நீச்சலையே இங்கே வந்துதான் கற்றோம், அப்புறம் ஒரு கோடை முழுக்கப் பாய்மர வகுப்புக்குப் போனோம், இப்போது இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட்டு வாங்கிய பழைய படகு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், தீவுகள் சிதறிக் கிடக்கும் காஸ்கோ விரிகுடாவில் சனி, ஞாயிறு போவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆனால் நாம் பொழுதுபோக்கப் போகும் அதே தண்ணீரில்தான் மற்றவர்கள் பிழைப்பு நடத்துகிறார்கள். மேய்ன் என்றால் லாப்ஸ்டர், நம் ஊர்க் கடற்கரையில் சிங்கி இறால் என்பார்களே, அதன் பெரிய கொடுக்கு வைத்த உறவு. ஒரு மீனவர் அதிகபட்சம் 800 கூண்டுகள் போடலாம் என்பது மாநிலச் சட்டம். கடலடியில் கிடக்கும் கூண்டிலிருந்து ஒரு கயிறு மேலே வரும், அதன் நுனியில் வண்ணம் பூசிய மிதவை. ஆயிரக்கணக்கான மீனவர்கள், ஆளுக்கு நூற்றுக்கணக்கில் கூண்டுகள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடையில் தண்ணீர் சூடாகும்போது லாப்ஸ்டர்கள் ஓடு கழற்றக் கரையோரம் வரும், கூண்டுகளும் அதன் பின்னால் கரையோரம் வரும், நாம் பாய் விரித்துக் கிளம்புவதும் அதே ஜூலை, ஆகஸ்டில்தான். சில இடங்களில் ஒரு மிதவையைத் தாண்டினால் அடுத்தது முன்னாலேயே நிற்கும்.

எந்த மிதவை யாருடையது என்பது வண்ணத்தில் தெரியும். மிதவையில் உரிம எண் பொறித்திருக்க வேண்டும், அதே வண்ணத்தைப் படகிலும் காட்டியிருக்க வேண்டும். இதை முதலில் நான் ஏதோ அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிட்டேன், ஆனால் கடலில் இது ரொம்ப உபயோகம். ஆரஞ்சும் வெள்ளையுமாய் ஒரு படகு தெரிகிறது, உங்கள் முன்னால் அதே ஆரஞ்சு வெள்ளை மிதவைகள் வரிசையாக இருக்கின்றன என்றால் அந்தப் படகு அடுத்து எங்கே போகும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

லாப்ஸ்டர் படகு வேலை செய்வதைக் கொஞ்சம் தள்ளி நின்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். படகு மிதவையை நோக்கி நேராக வரும், கடைசி நொடியில் எஞ்சின் அடங்கும், கொக்கிக் கழியால் கயிற்றை இழுத்து வலது பக்கத்தில் இருக்கும் கப்பியில் மாட்டுவார்கள், சுழலும் தட்டில் கயிறு சீறிக்கொண்டு ஏறும். கூண்டு விளிம்பில் உட்காரும். ஒருவர் அளவுகோலை லாப்ஸ்டரின் முதுகில் வைத்துப் பார்த்து, சின்னதைத் திருப்பிக் கடலிலேயே வீசுவார், இன்னொருவர் இரைப் பையை மாற்றுவார், மேலே கடற்காகங்கள் கத்திக்கொண்டு வட்டமடிக்கும், ரேடியோவில் பாட்டு அலறும். இவ்வளவும் நடக்கும்போது படகு பெரும்பாலும் வலது பக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கூண்டைத் தள்ளிவிட்ட மறுகணம் எஞ்சின் உறுமி, எந்தப் பக்கம் அடுத்த மிதவையோ அந்தப் பக்கம் பாயும். நின்றிருக்கும் லாப்ஸ்டர் படகுதான் எனக்கு அதிகம் பயம். ஓடுகிற படகு எங்கே போகிறது என்றாவது தெரியும். முன்னால் குறுக்கே போகாமல், வேலை நடக்காத இடது பக்கமாக, நன்றாகத் தள்ளிப் போவது என் வழக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று வகுப்பில் பாடமாகவே வரும். கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டு சர்வதேச விதிகளின் 18ஆம் விதிப்படி, மீன் பிடித்துக்கொண்டிருக்கும் கலத்துக்குப் பாய்மரப் படகு வழிவிட வேண்டும். பாய் விரித்திருந்தால் எல்லாரும் நமக்கு ஒதுங்க வேண்டும் என்று ஒரு நினைப்பு சிலரிடம் இருக்கிறது, அது தப்பு. வலையோ கயிறோ இழுவை மடியோ (படகின் பின்னால் இழுத்துப் போகும் பை போன்ற வலை) போட்டு, அதனால் படகைத் திருப்ப முடியாமல் இருக்கிறவர்தான் விதிப்படி மீன் பிடிப்பவர். தூண்டில் கயிற்றைப் பின்னால் விட்டுக்கொண்டு ஓடுகிறவர் இதில் வரமாட்டார், பிடித்து முடித்துக் கரைக்குத் திரும்புகிறவரும் வரமாட்டார். பகலில் இரண்டு கறுப்புக் கூம்புகளை முனையோடு முனை வைத்து ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கவிட வேண்டும். இரவில் இழுவைப் படகு என்றால் வெள்ளை விளக்குக்கு மேல் பச்சை விளக்கு, மற்ற மீன்பிடிப் படகு என்றால் வெள்ளைக்கு மேல் சிவப்பு. வலை 150 மீட்டருக்கு மேல் நீண்டு கிடந்தால், இழுவைப் படகைத் தவிர மற்றவை அது கிடக்கும் பக்கம் இன்னொரு வெள்ளை விளக்கு காட்ட வேண்டும்.

இதெல்லாம் புத்தகம். லாப்ஸ்டர் படகில் அந்தக் கூம்பு தொங்கி நான் பார்த்தது அபூர்வம். மாறாக, வேலை முடித்துத் திரும்பும்போதும் கூம்பை இறக்க மறந்த இழுவைப் படகுகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் விளக்கையும் கூம்பையும் மட்டும் நம்பக் கூடாது, வேகத்தைப் பார்க்க வேண்டும். மூன்று, நான்கு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) வேகத்தில் ஊர்ந்தால் மடி கடலில் இருக்கிறது. எட்டு, ஒன்பது நாட்டில் வந்தால் வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டுக்குப் போகிறவர் விதிப்படி நமக்கு வழிவிட வேண்டும்தான், ஆனால் அந்த நேரத்தில் எல்லாரும் குனிந்து மீன் பிரித்துக்கொண்டிருக்கலாம், படகுத் தலைவரும் கூடச் சேர்ந்து குனிந்திருக்கலாம். ஆளே தெரியாத சுக்கான் அறையைப் பார்த்துக்கொண்டு உரிமை பேசுவதில் அர்த்தமில்லை. ஆரம்பத்திலேயே, அவருக்குப் புரியும்படி பெரிதாகத் திருப்பி ஒதுங்கிவிடுவேன். இங்கே வந்து கற்றதில் இது எனக்குப் பிடித்த விஷயம். அரைகுறையாக நான்கு டிகிரி திருப்பினால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

மோதுமா மோதாதா என்பதற்கு ஒரே சோதனை, அந்தப் படகு இருக்கும் திசையைக் கைத் திசைகாட்டியில் அவ்வப்போது பார்ப்பது. தூரம் குறைந்துகொண்டே வருகிறது, திசை மட்டும் மாறவே இல்லை என்றால் இரண்டும் ஒரே இடத்தில்தான் சந்திக்கும். ஃபோனில் தெரியும் ஏஐஎஸ் (படகுகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தானாக அறிவிக்கும் கருவி) செயலியை நம்பி உட்காரக் கூடாது. இங்கே 65 அடிக்கு மேற்பட்ட வணிகப் படகுகளுக்குத்தான் ஏஐஎஸ் கட்டாயம், லாப்ஸ்டர் படகுகளில் பெரும்பாலானவை அதைவிடச் சின்னவை. திரையில் கடல் காலியாகத் தெரியும், நிமிர்ந்து பார்த்தால் ஐந்து படகு நிற்கும்.

இழுவைப் படகின் பின்னால் போகலாமா என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். மடியை இழுக்கும் கம்பிகள் சரிவாகக் கீழே இறங்கும், நீளம் ஆழத்தைப் போல மூன்று மடங்கு வரை இருக்கும். 100 மீட்டர் ஆழத்தில் இழுத்தால் மடி கிட்டத்தட்ட 300 மீட்டர் பின்னால், அடியில். பிரச்சினை மடியை ஏற்றும்போது. படகு திடீரென்று வேகம் குறையும், மடியின் வால் மேலே வந்து மிதக்கும், பறவைகள் அங்கே குவியும். பறவைக் கூட்டம் படகை விட்டுப் பின்னால் தள்ளிப் போய்விட்டால் மடி மேலே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரவில் அதற்கும் தனி அடையாளம் உண்டு, மடியை ஏற்றும்போது வெள்ளைக்குக் கீழே சிவப்பு, போடும்போது இரண்டு வெள்ளை. அரை கடல் மைலாவது விட்டுவிடுங்கள்.

லாப்ஸ்டர் கூண்டுக்கான இரைக்காகச் சுருக்குமடி போட்டு மென்ஹேடன் மீனை வளைப்பதும் உண்டு, கரைக்கு ரொம்பப் பக்கத்தில். பெரிய படகு ஒன்று, சின்னத் தோணி ஒன்று, நடுவில் மிதவைகள் வட்டமாக. தோணிக்கும் படகுக்கும் நடுவில் இடம் இருப்பதுபோலத் தோன்றும். அங்கே போகவே கூடாது.

மிதவைகளுக்கு வருவோம், அதுதான் அன்றாடத் தலைவலி. என் கணவர் முன்பக்கம் நின்று, "வலது, வலது, இன்னும் வலது" என்பார். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, ஓட்டம் எந்தப் பக்கம் போகுதுன்னு முதல்ல சொல்லுங்க" என்பேன். போர்ட்லேண்ட் பக்கம் ஓதம் மூன்று மீட்டருக்குக் கிட்ட ஏறி இறங்கும், நீரோட்டம் பலமாக இருக்கும், மிதவை தண்ணீரை வெட்டிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். சாய்ந்திருக்கும் பக்கம்தான் ஓட்டம் போகும் பக்கம். மிதவையின் அந்தப் பக்கமாகக் கடந்தால் ஓட்டம் நம்மை மிதவையை விட்டுத் தள்ளும், மறுபக்கம் போனால் கயிற்றின் மேலேயே கொண்டுபோய் விடும். சில இடங்களில் மிதவைக்கு முன்னால் இன்னொரு சின்ன மிதவை இருக்கும், இரண்டையும் ஒரு கயிறு தண்ணீருக்குச் சற்றுக் கீழே இணைத்திருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே போனால் கீலிலோ (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு) சுக்கானிலோ மாட்டியது நிச்சயம். எஞ்சினில் போகும்போது மிதவை உரசும் தூரத்தில் வந்துவிட்டால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுங்கள், ப்ரொபெல்லர் சுற்றாமல் இருந்தால் கயிறு பெரும்பாலும் வழுக்கிப் போய்விடும்.

பாயில் போகும்போது மாட்டினால் முதலில் பாயைத் தளர்த்தி வேகத்தைக் கொல்ல வேண்டும். வேகம் போனால் பாதி நேரம் தானாகக் கழன்றுவிடும், இல்லையென்றால் கொக்கிக் கழியால் கயிற்றைக் கீழே அமுக்கிப் பார்க்க வேண்டும். அறுப்பது கடைசி வழி, உயிருக்கோ படகுக்கோ ஆபத்து என்றால் மட்டும். அடுத்தவர் கூண்டில் கை வைப்பது இங்கே சட்டப்படி குற்றம், ஒரு மீனவரே இன்னொருவரின் கயிற்றை அறுத்தால் உரிமமே போய்விடும். அறுத்தே ஆக வேண்டும் என்றால் கீழே போகும் முனையை விடாமல் பிடித்து மிதவையோடு மறுபடி முடிச்சுப் போட்டுவிட்டு, உரிம எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து துறைமுக அலுவலரிடம் சொல்லுங்கள்.

ரேடியோ பற்றி. கடலில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும் பொது அலைவரிசையான சேனல் 16இல் பேசுவதற்கு எனக்கு ரொம்ப நாள் கூச்சம். தொலைபேசியிலேயே என் உச்சரிப்புக்கு இரண்டு முறை "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்பார்கள், காற்றும் எஞ்சினும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று. ஆனால் கடல் ரேடியோவுக்குச் சுருக்கமான பேச்சு போதும், அது நமக்கு வசதி. நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன வேண்டும். "உங்கள் இடது பக்கம் இருக்கும் வெள்ளைப் பாய்மரப் படகு பேசுகிறேன், எந்தப் பக்கம் கடந்தால் உங்களுக்கு வசதி?" என்று கேட்டேன். "பின்னால் போங்க கேப்டன், நன்றி" என்று பதில் வந்தது. அலுவலகத்தில் யாரும் என்னைக் கேப்டன் என்று கூப்பிட்டதில்லை.

மூடுபனியில் மட்டும் நான் கிளம்புவதில்லை. இங்கே ஜூலையில்கூடப் பனி சுவர் மாதிரி வந்து மூடும், லாப்ஸ்டர் படகுகள் ரேடார் வைத்துக்கொண்டு அதிலும் வேலை செய்யும். வழியில் மாட்டிக்கொண்டால் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு தடவையாவது ஒரு நீண்ட ஊதல், இரண்டு குட்டை ஊதல். மீன்பிடிப் படகுக்கும் பாய்மரத்துக்கும் அதே ஊதல்தான், காதில் கேட்டால் எதிரில் எது வருகிறது என்று தெரியாது, மெதுவாகப் போக வேண்டியதுதான்.

புதிதாகப் பழகுபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சனி மாலை 4 மணியிலிருந்து திங்கள் விடியும்வரை லாப்ஸ்டர் கூண்டு இழுக்கத் தடை. மிதவைகள் அப்படியே இருக்கும், படகுகள் இருக்காது. இரவில் இழுக்கவும் கோடையில் தடை இருக்கிறது, அதற்காக இரவில் கிளம்பிவிடாதீர்கள், மிதவைகளுக்கு விளக்கு கிடையாது.