எதெக்வினி கவுன்சிலின் கதவு: எப்போது உட்காரலாம், எப்போது பேசலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சியின் கவுன்சில் கூட்டத்துக்குப் பொதுமக்கள் போகலாமா என்று கேட்டால், இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் பாதிப் பேர் "அதெல்லாம் கவுன்சிலர்களுக்குத்தான்" என்பார்கள். மீதிப் பேர் "போகலாம், போய் என்ன ஆகப் போகிறது" என்பார்கள். முதல் பதில் தப்பு. இரண்டாவதில் பாதி சரி. ரேட்ஸ் எனப்படும் சொத்து வரி பில் கையைக் கடித்த பிறகு ஜூலை மாதம் கூட்டத்துக்குப் போனால் வேடிக்கைதான் பார்க்க முடியும். அந்த விலை மார்ச்சிலேயே மேசைக்கு வந்து, மே முடிவதற்குள் கை தூக்கி முடிந்துபோன சமாச்சாரம்.

முதலில் சட்டம். அரசியலமைப்பின் 160(7) பிரிவு, கவுன்சில் தன் வேலையைத் திறந்த முறையில்தான் நடத்த வேண்டும் என்கிறது. பேசப்படும் விஷயத்தின் தன்மையைப் பார்த்து, மூடுவது நியாயம் என்றால் மட்டும் மூடலாம். இதை விரித்துச் சொல்வது 2000ஆம் ஆண்டின் முனிசிபல் சிஸ்டம்ஸ் ஆக்ட். அதன் 19ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு கூட்டத்தின் தேதி, நேரம், இடத்தை முனிசிபல் மேனேஜர் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். சாதாரணக் கூட்டம், சிறப்புக் கூட்டம், அவசரக் கூட்டம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நேரமே இல்லாத நெருக்கடி மட்டும் விலக்கு. எந்த வழியில் அறிவிப்பது என்பதைக் கவுன்சில் தீர்மானித்துக்கொள்ளலாம். பேப்பரிலா, வெப்சைட்டிலா, நூலகப் பலகையிலா என்று உங்கள் ஊர் முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கே கூடுவது என்பது ஸ்பீக்கரின் முடிவு, ஆகவே டர்பன் சிட்டி ஹாலில்தான் இருக்கும் என்று அனுமானித்துக் கிளம்பாதீர்கள்.

20ஆம் பிரிவில்தான் சாரம் இருக்கிறது. பொதுமக்களையும் பத்திரிகைக்காரர்களையும் வெளியே அனுப்ப இரண்டு நிபந்தனைகள்: காரணம் நியாயமாக இருக்க வேண்டும், அப்படி மூடுவதற்கு மாநகராட்சியே போடும் உள்ளூர்ச் சட்டமான ஒரு பைலாவோ கவுன்சில் தீர்மானமோ அனுமதி தந்திருக்க வேண்டும். சில விஷயங்களுக்கு எந்தக் காரணம் சொல்லியும் மூட முடியாது. மன்றத்தில் வைக்கப்பட்ட பைலா வரைவு, பட்ஜெட், ஐ.டி.பி. என்னும் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்ட வரைவும் அதன் திருத்தங்களும், செயல்திறன் மேலாண்மைத் திட்ட வரைவு, குப்பை, தண்ணீர் போன்ற சேவையை வேறொருவரிடம் ஒப்படைக்கும் ஒப்பந்த முடிவு. இவை பேசப்படும்போதும் ஓட்டுக்கு விடப்படும்போதும் நாற்காலி உங்களுக்கு உண்டு. நிதியும் ஆள்பலமும் அனுமதிக்கிற அளவுக்கு அந்த இடத்தை ஏற்பாடு செய்வதும் கவுன்சிலின் பொறுப்பு.

நடைமுறையில் கதவு மூடுவதை "இன் கமிட்டி போவது" என்பார்கள். ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை, வழக்கறிஞர் கருத்து, நிலம் வாங்கும் பேரம் போன்றவற்றுக்கு அது நியாயம். கோளாறு எங்கே வருகிறது என்றால், அஜெண்டாவில் ஒரு உருப்படிக்காகக் கதவை மூடிவிட்டு, அதன் பின்னால் வரிசையில் நிற்கும் நாலைந்து உருப்படிகளையும் அதே மூச்சில் முடித்துவிடுவார்கள். வெளியே போகச் சொன்னால் சண்டை வேண்டாம். அஜெண்டாவில் உருப்படி எண்ணைக் குறித்துக்கொண்டு, எந்தப் பைலாவின் கீழ், எந்தத் தீர்மானத்தின் பேரில் மூடினீர்கள் என்று மறுநாள் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் பெறும் சட்டமான பாயா இருக்கிறது: படிவம் 2, முப்பது நாள் கெடு. மறுத்தாலும் பேசாமல் இருந்தாலும் அறுபது நாளுக்குள் உள் மேல்முறையீடு, அதற்குப் படிவம் 4. கூட்டக் குறிப்பு வேண்டும் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் இழுத்தடிப்பார்கள். தேதியும் உருப்படி எண்ணும் போட்டுக் கேட்டால் இழுப்பது கஷ்டம்.

எக்ஸ்கோ என்னும் நிர்வாகக் குழு வேறு கதை. எதெக்வினியில் அதிகாரம் ஒற்றை மேயர் கையில் இல்லை. கட்சிகளின் பலத்துக்கேற்ப அமையும் பத்துப் பேர் கொண்ட நிர்வாகக் குழுவிடம் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் போன்ற ஊர்களில் மேயர் கமிட்டி. இந்த இரண்டு வகைக் குழுவும் தங்கள் கூட்டங்களை மூடிக்கொள்ளச் சட்டம் தாராளமாகவே இடம் தருகிறது. என் கணக்கில் இந்த அமைப்பின் பெரிய ஓட்டை இதுதான். முழுக் கவுன்சிலுக்கு வரும் பெரும்பாலான விஷயங்கள் இங்கே சமைத்து முடித்தவை. மன்றத்தில் பரிமாறுவதைத்தான் நாம் பார்க்கிறோம்.

அதனால்தான் காலண்டர் முக்கியம். மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. 2003ஆம் ஆண்டின் எம்.எஃப்.எம்.ஏ. என்னும் மாநகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி அதற்குக் குறைந்தது 90 நாள் முன்னால், அதாவது மார்ச் முடிவதற்குள், மேயர் பட்ஜெட்டை மன்றத்தில் வைக்க வேண்டும். உடனே அதைப் பொதுவில் வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். வெப்சைட்டில் ஏற்ற ஐந்து நாள்தான் கெடு. ஜூலைக்கு 30 நாள் முன்னால், மே முடிவுக்குள், கவுன்சில் அதை ஒப்புதலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். நமக்குக் கிடைக்கும் ஜன்னல் ஏப்ரலை ஒட்டிய சில வாரங்கள் மட்டும். எழுத்தில் போன கருத்தைக் கவுன்சில் கவனத்தில் எடுத்தே ஆக வேண்டும். வாட்ஸ்அப்பில் கவுன்சிலருக்கு அனுப்பிய குமுறலுக்கு அந்த மரியாதை கிடையாது.

கருத்து எழுதுவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். "ரேட்ஸ் ரொம்ப அதிகம், ஏழைகள் பாவம்" என்று எழுதி ஐநூறு கையெழுத்து வாங்கினாலும் அதிகாரி அதை "கட்டண உயர்வுக்கு எதிர்ப்பு" என்று ஒரு வரியில் சுருக்கிவிடுவார். பயன்படும் கடிதம் இப்படி இருக்கும்: கட்டண அட்டவணை, இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இப்போது கிலோலிட்டருக்கு இவ்வளவு, முன்மொழிவு இவ்வளவு, எங்கள் கோயில் அன்னதான மண்டபத்தில் கடந்த பன்னிரண்டு மாதச் செலவு இத்தனை கிலோலிட்டர், பில் நகல்கள் இணைப்பு, வணிகக் கட்டணத்தில் வைத்திருப்பதை மாற்றி இந்த வகைக்குக் கொண்டுவரக் கேட்கிறோம். ஒரு பக்கம் போதும். தமிழில் அனுப்பலாமா? அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு தமிழை வளர்க்க வேண்டிய, மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் அது ஆட்சிமொழி இல்லை. ஆங்கிலத்திலோ ஜூலுவிலோ அனுப்புங்கள். எழுதத் தெரியாத ஆயாக்களுக்கும் வழி உண்டு. அலுவலக நேரத்தில் போய் வாயால் சொன்னால் ஊழியர் எழுதித் தர வேண்டும். கருத்துக் கேட்கும் அறிவிப்பிலேயே அதைக் குறிப்பிட்டாக வேண்டும். அறிவிப்பில் அந்த வரி இல்லை என்றால் அதையே ஆட்சேபமாக எழுதலாம்.

கோயில் கமிட்டிகள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்று. சமயச் சமூகத்தின் பெயரில் பதிவாகி, முதன்மையாகப் பொது வழிபாட்டுக்குப் பயன்படும் சொத்துக்கு 2004ஆம் ஆண்டின் சொத்து வரிச் சட்டம் ரேட்ஸ் விதிக்கவே கூடாது என்கிறது. பூசாரி குடியிருக்கும் வீடும் அதே சமூகத்தின் பெயரில் இருந்தால் இதில் அடங்கும். பத்திரம் இன்னும் இறந்துபோன பழைய டிரஸ்டி பெயரிலோ அவர் குடும்பத்தார் பெயரிலோ இருந்தால் சிக்கல் அங்கேதான் தொடங்கும். அதைப் பட்ஜெட் கருத்தில் எழுதிப் பயனில்லை. அதேபோல் சொத்தின் மதிப்பீடு தவறு என்றால் அது தனி ஆட்சேபம்: மதிப்பீட்டுப் பட்டியல் பார்வைக்கு வைக்கப்படும் குறைந்தது 30 நாளுக்குள், குறிப்பிட்ட ஒரு சொத்தைப் பற்றி, அதற்கான படிவத்தில். பட்டியல் மொத்தமும் அநியாயம் என்று எழுதினால் செல்லாது. ஆட்சேபம் போட்டாயிற்று என்று பில் கட்டாமலும் இருக்கக் கூடாது. கட்டும் கடமை நிற்காது.

சரி, வாய் திறந்து பேசுவது? சாதாரணக் கூட்டத்தில் பொதுமக்களுக்குப் பேச உரிமை கிடையாது, உட்கார மட்டும்தான். விதிவிலக்கு ஒன்று இருக்கிறது, அது பலருக்கும் தெரியாது. ஆண்டறிக்கை. நிதியாண்டு முடிந்து ஏழு மாதத்துக்குள், அதாவது ஜனவரி முடிவுக்குள், மேயர் ஆண்டறிக்கையை வைக்க வேண்டும். அடுத்த இரண்டு மாதத்துக்குள் கவுன்சில் அதன்மேல் மேற்பார்வை அறிக்கை தர வேண்டும். அந்தக் கூட்டத்தைப் பற்றி எம்.எஃப்.எம்.ஏ.வின் 130ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: கூட்டம் திறந்திருக்க வேண்டும், எழுத்துக் கருத்துகளைப் பேசவும் உள்ளூர் மக்கள் மன்றத்தில் நேரில் பேசவும் நியாயமான நேரம் ஒதுக்க வேண்டும். நேரம் கேட்டு ஸ்பீக்கர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதும்போது பிரிவு எண்ணையும் போடுங்கள். மேற்பார்வை அறிக்கைக்கு அடித்தளம் போடுவது மாநகராட்சியின் பொதுக் கணக்குக் குழுவான எம்பேக். 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம்தான் அதை மாநகராட்சிகளின் அமைப்பை வகுக்கும் முனிசிபல் ஸ்ட்ரக்சர்ஸ் ஆக்டுக்குள் கொண்டுவந்தது. மேயரும் எக்ஸ்கோ உறுப்பினரும் அதில் உட்கார முடியாது. கேள்வி இருந்தால் அந்தக் குழுவின் தலைவருக்கு எழுதுவது, மேயருக்கு எழுதுவதைவிட உருப்படியான வேலை.

பட்ஜெட் நாளில் போனால் கை எண்ணுங்கள். பட்ஜெட், பைலா, ரேட்ஸ், கடன் ஆகிய நாலுக்கும் வந்திருப்பவர்களின் பெரும்பான்மை போதாது, மொத்த உறுப்பினர்களின் பெரும்பான்மை வேண்டும். 2021இல் தேர்வான மன்றத்தில் 222 பேர், ஆக 112 ஓட்டு. வராமல் போன கவுன்சிலரும் எதிர்த்து ஓட்டுப் போட்டவரும் இங்கே ஒன்றுதான். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு விடுப்பின்றி வராதவரைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று நடத்தை விதியில் இருக்கிறது. வருகைப் பதிவேட்டை யாராவது கேட்டால்தானே தெரியும்.

வார்டு கமிட்டியைப் பற்றி ஒரு சொல். கவுன்சிலர் தலைவர், கூட அதிகபட்சம் பத்துப் பேர், ஆலோசனை மட்டும். டர்பன் இருந்த பழைய நேட்டால் மாகாணத்தில் இந்தியர்கள் நகராட்சி வாக்காளர்களாகப் புதிதாகச் சேரும் உரிமையை 1924ஆம் ஆண்டின் பரோஸ் ஆர்டினன்ஸ் பறித்தது. பிறகு ஆலோசனை சொல்ல மட்டும் லோக்கல் அஃபேர்ஸ் கமிட்டி என்று ஒன்று கொடுத்தார்கள். டர்பனில் எல்லோரும் சமமாக ஓட்டுப் போட்டுக் கவுன்சிலைத் தேர்ந்தெடுக்க 1996 ஜூன் 26 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆலோசனைக்கும் ஓட்டுக்கும் உள்ள தூரம் நம் தாத்தாக்களுக்கு நன்றாகத் தெரியும். வார்டு கமிட்டியில் பேசியது கவுன்சிலர் வழியாக எழுத்தில் மேலே போனதா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.

இனி தேர்தல். சென்ற கவுன்சில் தேர்தல் 2021 நவம்பர் 1இல் நடந்தது. பதவிக்காலம் ஐந்து ஆண்டு, அது முடிந்து 90 நாளுக்குள் அடுத்தது. ஆக 2026 நவம்பர் 2க்கும் 2027 ஜனவரி 31க்கும் இடையில். தேதியை அரசிதழில் அறிவித்த அன்றே வாக்காளர் பட்டியல் மூடிவிடும். கவுன்சில் தேர்தலில் பதிவான சாவடியில் மட்டுமே ஓட்டு. பீனிக்ஸிலிருந்து உம்லாங்காவுக்கு வீடு மாறியவர் பதிவை மாற்றாவிட்டால் பழைய வார்டுக்கே போக வேண்டும்.

எதெக்வினி போன்ற மெட்ரோவில், அதாவது பெருநகர மாநகராட்சியில், இரண்டு வாக்குச் சீட்டு: ஒன்று வார்டுக்கு, ஒன்று கட்சிப் பட்டியலுக்கு. கட்சிகளின் இரண்டு சீட்டு ஓட்டையும் கூட்டித்தான் இடம் பிரிக்கிறார்கள். கற்பனைக் கணக்கு ஒன்று: மொத்தம் 11 லட்சத்து 10 ஆயிரம் ஓட்டு, 222 இடம். வகுத்தால் 5,000, ஒன்று கூட்டி 5,001. இதுதான் ஒரு இடத்தின் விலை. 12,000 ஓட்டு வாங்கிய கட்சிக்கு இரண்டு இடம் உறுதி. வார்டில் ஒன்று ஜெயித்திருந்தால் பட்டியலிலிருந்து ஒன்றுதான். மிச்ச இடங்கள் பெரிய மீதி வைத்திருக்கும் கட்சிகளுக்கு வரிசையாகப் போகும், அதனால் 3,900 ஓட்டுக் கட்சியும் உள்ளே வந்துவிடலாம். சுயேச்சை வேட்பாளருக்கு விழுந்த ஓட்டு இந்தக் கூட்டலில் சேராது, வார்டோடு சரி.

2024இல் மத்திய அரசு கருத்துக்கு விட்ட கூட்டணி மசோதா வரைவு இந்த இடத்தில்தான் கை வைத்தது. ஒரு சதவீதத்துக்குக் கீழே வாங்கிய கட்சிக்கு இடமில்லை என்றது. மேலே சொன்ன கணக்கில் அது 11,100 ஓட்டு. இடத்தின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஒரே இடம் வைத்துக்கொண்டு மேயரை ஆட்டிவைக்கும் கட்சிகள்மேல் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் சாட்ஸ்வர்த் போன்ற ஒரு பகுதியை மட்டும் நம்பி நிற்கும் சின்னக் கட்சிக்கு இது கதவடைப்பு. அதே வரைவில் கூட்டணி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் இருந்தது. அதை நான் இரு கையாலும் வரவேற்பேன்.

ஓட்டுப் போட்ட பிறகு எண்ணிக்கையில் ஆட்சேபம் என்றால், வாக்குப்பதிவு நாளுக்கு இரண்டாம் நாள் மாலை 17:00க்குள் தேர்தல் ஆணையத்திடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். முடிவுகள் ஏழு நாளுக்குள் வரும். அதிலிருந்து 14 நாளுக்குள் புது மன்றத்தின் முதல் கூட்டத்தை முனிசிபல் மேனேஜர் கூட்ட வேண்டும். மேலே சொன்ன வரைவு இதை 30 நாளாக்கக் கேட்டது. ஸ்பீக்கர் தேர்வாகும்வரை தலைமை இருக்கையில் இருப்பது முனிசிபல் மேனேஜரோ அவர் நியமித்தவரோதான். போட்டி இருந்தால் ஸ்பீக்கரும் மேயரும் ரகசிய ஓட்டில் தேர்வாகிறார்கள். அன்றைக்கு இடம் பிடிக்கச் சீக்கிரம் போங்கள், மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போங்கள்.